எனக்குக் காய்ச்சல் இல்லை

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஒரு பெண்ணிடம் போனில் ‘எனக்குக் காய்ச்சல்’ என்று சொன்னேன்.

காய்ச்சல் இல்லை. குளித்து, வேட்டி கட்டி, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தேன். குரலை மட்டும் கொஞ்சம் நடுங்கவிட்டேன்.

அந்தப் பொய்யால் அவள் ஒரு பரீட்சையில் தோற்றாள். இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் ஒருபோதும் எழுதியதில்லை. இல்லை, தப்பு... எழுதியிருக்கிறேன். எழுதியதுதான் வினை. அதற்கு வருகிறேன்.

போன ஞாயிறு காலை, காபி ஆறுவதற்குள் அவளிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். இப்போது அமெரிக்காவில் பல் மருத்துவம் படிக்கிறாள். ஊர்ப் பெயரைச் சொல்ல என் பல்செட் ஒத்துழைக்காது.

“அங்கிள், ஒரு டவுட். திங்கக்கிழம எனக்கு டெஸ்ட். பேஷன்ட்ட வெச்சுப் பண்ணணும். இப்போ அவரு ஃபீவர், வர முடியாதுன்னு போன் பண்ணிச் சொல்றாரு. நிஜமா ஜூட்டா, பொய் சொல்றாரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? உங்களுக்குத் தெரியும்ல...”

உங்களுக்குத் தெரியும்ல. இந்த இரண்டு வார்த்தையை ஐந்து தடவை ஓடவிட்டுக் கேட்டேன். குத்தலா? கேலியா? உண்மையாகவே யோசனை கேட்கிறாளா? ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி கேட்டது. நாற்பது வருஷம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் நான். ஒரு திரவத்தைப் பார்த்தால் என்னவென்று சொல்லிவிடுவேன். ஒரு பெண்ணின் குரலில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

அவள் பெயர் இசக்கி. தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா முருகையா மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறார். தமிழ்ப் பத்திரிகை வேண்டுமென்றால் எங்கள் பேட்டையில் அவரிடம்தான் போக வேண்டும். நானும் வாராவாரம் போவேன். நான் பத்தி எழுதுகிற இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் எனக்கு இலவசப் பிரதி அனுப்புகிறார்தான். ஆனாலும் போவேன். ஏன்? முருகையா என் பத்தியைப் பற்றி ஏதாவது சொல்வார்.

“சார், இந்த வாரம் கொஞ்சம் அறுத்துட்டிய” என்பார். “போன வாரம் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டத எழுதினியள்லா, அத வாசிச்சு வீட்டுல ஒரே சிரிப்பு” என்பார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமானாலும் பேச்சு அங்கேயேதான் இருந்தது. வீட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் ராத்திரிச் சாப்பாட்டின்போது இந்தப் பக்கத்தை அவர் சத்தமாகப் படிப்பாராம். இசக்கி வளர்ந்தது என் பத்தியைக் காதால் கேட்டுத்தான்.

அந்த இசக்கிக்குக் கடைசி வருஷப் பரீட்சை வந்தது. பல் மருத்துவக் கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு, பலருக்குத் தெரிந்திருக்காது. பரீட்சைக்குப் பேனா மட்டும் கொண்டுபோனால் போதாது. பேஷன்ட்டையும் கொண்டுபோக வேண்டும். முழுப் பல்செட் கட்டும் பரீட்சைக்கு ஒரு பல்கூட இல்லாத வாய் வேண்டும். அந்த வாய் அன்று காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் வந்து உட்கார வேண்டும். வராவிட்டால் பரீட்சை இல்லை.

ஆகவே பரீட்சைக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மாணவர்கள் கிழவர்களைத் தேடி அலைகிறார்கள். கோயில் வாசல், பார்க், சிரிப்பு கிளப்... யாராவது வாயைத் திறந்து சிரித்தால் ஓடி வருகிறார்கள். எங்கள் பார்க் கோஷ்டியில் ஒரு நண்பருக்கு ஒரே ஒரு பல் பாக்கி. அவரை இசக்கி நிராகரித்துவிட்டாள். மனிதர் இரண்டு நாள் பேசவில்லை.

என்னைத் தேர்ந்தெடுத்தாள். செட்டைக் கழற்றச் சொல்லி, விரலால் ஈறைத் தடவிப் பார்த்து, “வாஹ் அங்கிள்! ரிட்ஜ் ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்!” என்றாள். ரிட்ஜ் என்றால் பல் போன பிறகு மிஞ்சுகிற எலும்பு மேடு. எழுபது வயதுக்குப் பிறகு என் உடம்பில் ஒரு பாகத்தை ஒருவர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

மூன்று தடவை கல்லூரிக்குப் போனேன். அச்சு எடுத்தாள். பிளாஸ்டர் ஊற்றி என் இரண்டு தாடைகளையும் வெள்ளையாகச் செய்து காட்டினாள். பரீட்சை முடிந்ததும் புது செட் எனக்கே என்றாள். “நீங்க வரலேன்னா நான் காலி, அங்கிள்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். “நானே எத்தனை பேருக்குப் பரீட்சை வைத்தவன், எனக்கா சொல்கிறாய்?” என்றேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் மாலை ஒரு போன். செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் தமிழ் விழா. தலைமை தாங்க வேண்டியவர் வரவில்லையாம். “சார், நீங்கதான் காப்பாத்தணும். காலைல பத்து மணி. கார் அனுப்பறோம்.”

மறுத்திருக்கலாம். மறுக்க ஒரு வாக்கியம் போதும். ஆனால் மேடை, மாலை, ‘பிரபல எழுத்தாளர்’ என்று ஒரு பேனர்... மறுபக்கம் என்ன? செட்டைக் கழற்றிவிட்டு, மாணவர்கள் நடுவில், பொக்கைவாயோடு மூன்று மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து கிடப்பது. எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு வெட்கமாக இருக்கட்டும்: ‘பம்பாயில் பல் இல்லாத கிழவனுக்கா பஞ்சம்?’

காலையில் அவளே போன் செய்தாள். சொன்னேனே, குரலை நடுங்கவிட்டேன்.

அவள் கேட்டது பரீட்சையைப் பற்றி அல்ல. “அங்கிள், அப்பாவ அனுப்பட்டுமா? டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவாரு. தனியா இருக்கீங்கள்ல?”

“வேண்டாம் வேண்டாம்” என்றேன் அவசரமாக. “ஒட்டிக்கொள்கிற காய்ச்சல் போலிருக்கிறது.”

மறுநாள் கடைக்குப் போனபோது முருகையா எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டார். “உக்காருங்க சார். காய்ச்சல் எப்படி இருக்கு? முகமே வாடிப்போச்சு.” முகம் வாடவில்லை. முந்தின நாள் பாயசம் சாப்பிட்ட முகம். நடந்ததை அவரே சொன்னார். கடையை அப்படியே போட்டுவிட்டுத் தாராவிக்கு ஓடியிருக்கிறார். சந்து சந்தாகப் பொக்கைவாய் தேடியிருக்கிறார். ஒரு பெரியவரைப் பிடித்து, டாக்ஸியில் ஏற்றிக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மணி பன்னிரண்டு.

“வாயத் தொறந்தா கடவாயில ரெண்டு பல்லு இருக்கு சார். அந்த மனுசனுக்கே ஞாபகம் இல்ல. நான் முன்பக்கத்த மட்டும் பாத்துட்டுக் கூட்டிட்டுப் போயிட்டேன்.” சிரிக்க முயன்றார். “வெளிய இருந்து வந்த எக்ஸாமினரு பாவம், பதினொண்ணு வரைக்கும் காத்திருந்தாராம். என்ன செய்ய? உடம்புக்கு முடியாததுக்கு யாரு என்ன பண்ண முடியும்?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “இப்போது பரவாயில்லை” என்றேன்.

இனிமேல்தான் முட்டாள்தனம். அடுத்த வாரப் பத்திக்கு விஷயம் இல்லை. பள்ளிக்கூட விழாவில் முன்பல் விழுந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் காற்றும் எச்சிலுமாகப் பாட்டுப் பாடியது நினைவுக்கு வந்தது. எழுதிவிட்டேன். ‘போன வெள்ளிக்கிழமை காலை செம்பூரில்...’ என்று ஆரம்பம். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். நிறையப் பேர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள்.

அந்த வாரம் கடைக்குப் போனபோது முருகையா பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரமும் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரமும். மழையைப் பற்றிப் பேசினார், லோக்கல் ட்ரெயின் தாமதத்தைப் பற்றிப் பேசினார். மரியாதையில் குறைவே இல்லை. என் பத்தியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. மூன்று வருஷம். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பேசாத வாசகனுக்கு என்ன பதில் எழுதுவது?

இசக்கி ஆறு மாதம் கழித்துத் திரும்ப எழுதிப் பாஸானாள். கூடப் படித்தவர்களெல்லாம் டாக்டராகி முன்னால் போய்விட்டார்கள். இவள் அவர்களுக்குப் பின்னால் பயிற்சி முடித்து, செம்பூரில் ஒரு கிளினிக்கில் சேர்ந்தாள். பிறகு ஒருநாள் முருகையா, அமெரிக்காவில் படிக்க மகள் விண்ணப்பம் போடுகிறாள் என்றார்.

எனக்குப் புரியவில்லை. டாக்டர் ஏன் மறுபடி மாணவியாக வேண்டும்? அமெரிக்காக்காரன் வாயில் வேறு பல்லா முளைக்கிறது? அங்கே தொழில் செய்ய அங்கே உள்ள கல்லூரியில் இன்னும் இரண்டு மூன்று வருஷம் படித்தாக வேண்டுமாம். உலகம் முழுவதிலிருந்தும் டாக்டர்கள் அந்தச் சில இடங்களுக்கு வரிசையில் நிற்கிறார்களாம்.

“மார்க் ஷீட்டுல ‘ரெண்டாவது அட்டெம்ட்’னு இருக்கு சார். அதுதான் இடிக்கும்னு பயப்படுதா” என்றார் முருகையா. என் முகத்தைப் பார்க்காமல், பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டே.

அன்றே வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அவள் முதலாவதாக நம்பியிருந்த கல்லூரியின் பெயரை முருகையா சொல்லியிருந்தார். அதன் அட்மிஷன் ஆபீஸுக்கு ஓர் ஈமெயில். அந்தத் தோல்வி அவளுடையது அல்ல, என்னுடையது. நான் நோயாளி அல்ல, பொய் சொன்னவன். நானே பல வருஷம் பரீட்சை நடத்தியவன், விளைவு தெரிந்தே செய்தேன் — எல்லாம் எழுதினேன். நல்ல இங்கிலீஷ். இரண்டு தடவை படித்துப் பார்த்து ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்து நிமிஷ நடையில் இருக்கிற முருகையாவிடம் நாலு வார்த்தை சொல்ல நாக்கு எழவில்லை. கடல் தாண்டி இருக்கிற, முகம் தெரியாத ஆபீஸுக்கு இரண்டு பக்கம்! தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்பது எவ்வளவு சுகமாக இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? இசக்கியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லது செய்யக் கேட்பானேன் என்று நினைப்பு.

நான் அறியாத விஷயம் ஒன்று இருந்தது. முருகையா அந்தச் செம்பூர்ப் பத்தியை வீட்டில் படிக்கவே இல்லை. ‘இந்த வாரம் சார் எழுதலை’ என்று சொல்லிவிட்டார். ஃபெயிலானது ஒரு கஷ்டம், இது இன்னொரு கஷ்டம் எதற்கு என்று நினைத்தாராம். ஆகவே, எனக்குக் காய்ச்சல் என்றே இசக்கி நம்பிக்கொண்டிருந்தாள். விண்ணப்பக் கட்டுரையில் அப்படித்தான் எழுதியும் இருந்தாள்: ‘என் பேஷன்ட் நோயில் விழுந்தார். அவர்மேல் தப்பில்லை. மாற்று ஆள் வைத்திருக்க வேண்டியது என் பொறுப்பு.’

வீடியோவில் இன்டர்வியூ. திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் கேட்டாராம்: “நோயாளிக்கு உடம்பு சரியில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த நோயாளியோ, பொய் சொன்னேன் என்று எங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். எது உண்மை?”

அவளுக்கு விஷயம் தெரிந்தது அந்த நிமிஷம்தான். வாழ்க்கையிலேயே முக்கியமான அரைமணி நேரத்தின் நடுவில்.

இதையெல்லாம் அவளே என் வீட்டுக்கு வந்து சொன்னாள். அமெரிக்கா கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால். கையில் முருகையாவின் பத்திரிகைப் பை.

“என்ன பதில் சொன்னாய்?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரிஞ்சத நான் எழுதினேன். இப்போதான் இத கேக்கறேன். பேஷன்ட்ட விசாரிச்சுட்டுச் சொல்றேன்னு சொன்னேன். கோபமான்னு கேட்டாங்க. கோபப்பட டைமே கிடைக்கலேன்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

“வெயிட்டிங் லிஸ்ட். அப்படியே போயிடுச்சு.”

ஈஸி சேரில் இருந்தவனுக்கு எழுந்திருக்கவும் முடியவில்லை, சாயவும் முடியவில்லை.

“சுனோ அங்கிள், முழுசா கேளுங்க. அடுத்து இன்னொரு காலேஜ். அங்க உங்க லெட்டர் போகல. லேகின், நானே சொல்லிட்டேன். கட்டுரைல எழுதினது தப்பு, நிஜம் எனக்குப் போன வாரம்தான் தெரியும்னு. அவங்க எடுத்துட்டாங்க.”

“அப்படியென்றால்... என் கடிதம் உனக்கு நல்லது செய்ததா, கெட்டது செய்ததா?”

“மாலூம் நஹி. தெரியல அங்கிள்.”

“என்மேல் கோபமா?”

“கோபம்தான். எதுக்குன்னுதான் கன்ஃப்யூஷன். அன்னைக்கு வராததுக்கா, இப்போ கேக்காம எழுதினதுக்கா... ரெண்டும் மிக்ஸ் ஆயிடுது.” பையைத் திறந்தாள். “அப்பா மேலயும் கோபம். மறைச்சுட்டாருல்ல. உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன கண்ணாடி டம்ளரா?”

பைக்குள்ளிருந்து என் தாடைகள் வந்தன. அதே வெள்ளை பிளாஸ்டர். நாலு வருஷம் ஆகப் போகிறது, தூக்கி எறியவில்லை. “எதற்கு வைத்திருக்கிறாய்?” என்றேன். “ரிட்ஜ் நல்லா இருந்துச்சுல்ல. ஜூனியர்ஸுக்குக் காட்டுவேன்” என்றாள்.

அதன்மேல் ரோஜா நிறத்தில் ஒரு தகடு செய்து கொண்டுவந்திருந்தாள். பல் வரிசை ஏறுவதற்கு முந்தின நிலை. பாக்கி வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள்! “வாயத் தொறங்க” என்றாள். செட்டைக் கழற்றினேன். தகட்டை வைத்து, இரண்டு விரலால் அழுத்தினாள். ஆடியது. இடம் மாற்றி அழுத்தினாள். மறுபடி ஆடியது.

“சே... எலும்பு கரைஞ்சுடுச்சு அங்கிள். பல்லு இல்லேன்னா கரைஞ்சுக்கிட்டேதான் இருக்கும். இது உங்க பழைய வாய். இப்போ செட் ஆகாது.”

“புதிதாக அச்சு எடு” என்றேன். “எத்தனை நாள் வேண்டுமானாலும் உட்காருகிறேன். எந்த வேளை கூப்பிட்டாலும் வருகிறேன்.” பல் இல்லாத வாயில் கெஞ்சினால் எப்படி இருக்கும்? எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

“பதினோரு நாள்ல ஃபிளைட், அங்கிள்.”

கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகவும் இல்லை. நாளை எண்ணிப் பார்த்து, ஒரு டாக்டர் சொல்வதுபோல் சொன்னாள். தாடைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் போனபிறகு ஒருநாள் முருகையாவிடம் நேராகச் சொன்னேன், “நான் செய்தது தப்பு” என்று. “தெரியும் சார்” என்றார். பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். மன்னித்துவிட்டாரா? வியாபாரத்தைப் பார்க்கிறாரா? அதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதலாமா என்று இந்த முறை இசக்கியைக் கேட்டேன். ஒருவழியாகக் கேட்கக் கற்றுக்கொண்டேன். “பேரோட எழுதுங்க. அப்பா இந்தத் தடவ ஸ்கிப் பண்ணாம வாசிக்கணும், போன்ல நான் கேக்கணும்” என்றாள்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். காய்ச்சல் நிஜமா, பொய்யா? எப்படிக் கண்டுபிடிப்பது? காபி ஆறி ஏடு கட்டிவிட்டது. நெடுநேரம் யோசித்துவிட்டு, நானும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.

“துணைக்கு யாரையாவது அனுப்பட்டுமா என்று கேள், அம்மா. நிஜமான காய்ச்சல்காரன் யாராவது வந்தால் போதும் என்றுதான் இருப்பான். அவசரமாக ‘வேண்டாம் வேண்டாம்’ என்றால், என்னை நினைத்துக்கொள்.”

அரைமணியில் பதில் வந்தது. பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம். அவள் சிரிக்கிறாளா, இருமுகிறாளா என்று தெரியவில்லை.

“கேட்டேன் அங்கிள். ரெண்டு தடவ ‘வேண்டாம்’னாரு. டென்ஷன் இல்ல, ஸ்பேர்ல இன்னும் ரெண்டு பேர் ரெடியா இருக்காங்க. உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்.”

நாற்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு மாணவி மறக்காமல் வைத்திருப்பது, நான் வகுப்புக்கே வராத அந்த ஒரு நாளின் பாடத்தை!